மூன்று தரம் ஊதியது

உ
ஓஸ்டர்முண்டிகன்
8.12.1996

மனோகரிக்கு அக்கா எழுதுவது.

‘அன்புள்ள’ என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. ரெலிபோன் எடுத்தால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், நடுவில் உன் மனிசன் வாங்கி வைத்துவிடுவார். கடிதத்தை யாரும் பாதியில் வைத்துவிட முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

கிருபன் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று எனக்கு யார் சொன்னது தெரியுமோ? கோயிலில், சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில், யாரோ ஒரு பிள்ளை. “உங்கட தங்கச்சியின்ர குழந்தைக்குச் சுகமாம், சந்தோசம் என்னக்கா” என்று அவள் சொல்ல, முன்பே தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினேன். அவன் பிழைத்து வந்ததற்கு முருகனுக்கு நன்றி சொல்லவோ, அதை எனக்குச் சொல்லாமல் விட்ட உன்னை நினைத்து அழவோ என்று தெரியாமல் நின்றேன்.

நவம்பர் 25 நான் வந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், முதல் ரெயினில், உனக்குச் சோறும் பிள்ளைப்பெற்ற உடம்புக்குச் சரக்குத் தண்ணியும் கட்டிக்கொண்டு வந்தேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாய். என்னைக் கண்டாய். எழும்பவில்லை. உன் மனிசன் பாலேந்திரன்தான் வெளியே வந்தார்.

“அக்கா, குறை நினையாதேங்கோ, உள்ளுக்கு வராதேங்கோ. நீங்கள்தானே கொண்டுவந்து குடுத்தது. வீபூதி எண்டு சொல்லிப் பிள்ளையின்ர மூஞ்சையில ஊதிப்போட்டுப் போனியள். இப்ப அவன் மூச்செடுக்கமாட்டாமல் கிடக்கிறான். அந்தப் பொட்டலத்தை நான் குப்பைக்குள்ள எறிஞ்சுபோட்டன்.”

நேர்ஸ்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் ஒரு மனிசியை வாசலில் மறிப்பது எந்தப் பாசையிலும் விளங்கும். சாப்பாட்டுப் பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு ரெயின் ஏறினேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

என் கொப்பி உனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், எந்தத் திகதி, எத்தனை பாகை காய்ச்சல், என்ன கொடுத்தது என்று எழுதி வைக்கிறேன். நீ அதைச் சித்திரகுப்தன் கொப்பி என்று பகிடி பண்ணுவாய். அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

நவம்பர் 11. கந்தசட்டி தொடக்கம். விடியத் தலைதோய்ந்து, பாலும் பழமும்.
நவம்பர் 15. எனக்குத் தடிமன். மூக்கால் தண்ணீர். காரணம், ஐந்து நாளும் பச்சைத்தண்ணியில் தோய்ந்தது. 36.7.
நவம்பர் 16. சூரன்போர். தடிமன் அப்படியே. 36.8.
நவம்பர் 17. பாறணை, விரதம் முடிந்தது. ஊஸ்டருக்கு, மனோ வீட்டுக்குப் பயணம். 36.6.

அன்றைக்குத்தான் கிருபனுக்கு முப்பத்தோராம் நாள். துடக்குக் கழித்து ஐயர் தீர்த்தம் தெளித்துப் போன பிறகு பிள்ளையை என் மடியில் தந்தாய். ஆறு நாள் விரதமிருந்து கொண்டுவந்த திருநீற்றை அவன் நெற்றியில் பூசினேன். கண்ணுக்குள் கொட்டாமல் ஊதிவிடுவது எங்கள் வழக்கம். முருகா என்று சொல்லி மூன்று தரம் ஊதினேன். உன் நெற்றியிலும் அப்படித்தான் ஊதினோம், நீ நாற்பது வருடம் இருமாமல் இருக்கிறாய்.

36.6 இருக்கிற உடம்பில் என்ன வருத்தம் இருந்தது? தலை தோய்ந்த தடிமன் ஒரு வருத்தமோ? என்னைக் கள்ளி என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பச்சைப் பிள்ளைக்கு நஞ்சு கொடுத்தவளைப் பார்க்கிற மாதிரி நீ கண்ணாடிக்குள்ளால் பார்த்தாயே, அதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

யோகாம்பாள்

(‘அக்கா’ என்று போடவில்லை. நீ அப்படி நினைத்தால் நீயே போட்டு வாசி.)


ஊஸ்டர்
15.12.96

அக்கா,

நீங்கள் எண்கள் எழுதியிருக்கிறீர்கள். என்னிடமும் எண்கள் இருக்கின்றன.

நிமிடத்துக்கு 74 மூச்சு. ஒட்சிசன் 85. பால் 20 மில்லிலீற்றர், அதுவும் மூக்குக் குழாயால். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவில் குழி விழும். அழுவான், சத்தம் வராது. ஒன்பது நாள் அந்த மெசினைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு 36.6 என்று எழுதுகிறீர்கள். அதை வைத்து நான் என்ன செய்ய?

மூக்கிலிருந்து சளி எடுத்துப் பார்த்து ஆர்.எஸ்.வி. என்ற வைரசு என்றார்கள். நுரையீரலின் சின்னக் குழாய்கள் அடைத்துவிட்டனவாம். “வீட்டுக்கு வந்த ஆக்களில் யாருக்காவது தடிமன் இருந்ததா?” என்று டொக்டர் கேட்டார். எனக்கு ஒரு முகம்தான் நினைவில் வந்தது. நீங்கள் மூக்குத் துடைத்த லேஞ்சி முழுக்க ஈரம். நான் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட பதில் இதுதான். எனக்கு நாற்பது வயதும் இல்லை, முப்பத்து நாலு. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஆளுக்கு அதுவும் தெரியவில்லை.

சாப்பாட்டுப் பெட்டி வேண்டுமென்றால் தபாலில் அனுப்புகிறேன்.

மனோகரி


உ
ஓஸ்டர்முண்டிகன்
12.1.1997

மனோகரிக்கு,

பெட்டி வேண்டாம். வைத்துக்கொள்.

நீ டொக்டரை வைத்து என்னை மடக்கப் பார்க்கிறாய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தை வைத்தே டொச் பாசை படித்தவள். நத்தார் லீவு முடிந்து நூலகம் திறந்த அன்றே போனேன். உடம்பு கிருமியை எப்படி எதிர்க்கிறது என்று ஒரு தடித்த புத்தகம் எடுத்துவந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று வாசிக்கிறேன். இவர் பகிடியாக, “என்ன, இனி எங்களுக்கெல்லாம் நீதான் மருந்து எழுதுறதோ?” என்கிறார். உன் மனிசன் என்னை வாசலில் மறித்தபோது இவர் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் பகிடி வராது.

கேள். மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் பசை மாதிரி ஒரு சளிப்படை இருக்கிறது. அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். உள்ளே வருகிற தூசியையும் கிருமியையும் அவை மேல்நோக்கிக் கூட்டித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, நாங்கள் நித்திரை கொள்ளும்போதும். அதைத் தாண்டி ஒரு வைரசு, செல் என்பார்களே, அந்தக் கலம் ஒன்றுக்குள் புகுந்துவிட்டால், அந்தக் கலம் சாகிறதற்கு முதல் பக்கத்துக் கலங்களுக்கு அறிவித்துவிடுகிறது. அவை கதவைச் சாத்திக்கொள்கின்றன. பிறகு வெண்குருதிக் கலங்கள் ஓடி வருகின்றன. இவை வந்தவன் யார் என்று பார்க்காமல் எல்லாரையும் அடிக்கிறவை. இந்த நேரத்தில்தான் உடம்பு கொதிக்கிறது. காய்ச்சல் கிருமி கொண்டுவருகிற சாமான் இல்லை மனோ, உடம்பு தானே மூட்டுகிற அடுப்பு.

நான்கைந்து நாளில் அடுத்த கூட்டம் வருகிறது. இவை ஆள் பார்த்துச் செய்கிறவை. எந்தக் கலத்துக்குள் வைரசு ஒளித்திருக்கிறதோ அதைமட்டும் தேடிக் கொல்ல ஒரு வகை. அந்த வைரசுக்கென்றே அளவெடுத்துப் பிறபொருளெதிரி என்கிற ஆயுதம் செய்ய இன்னொரு வகை.

இப்போது சொல். சண்டை நடந்தால் அடுப்பு மூட்ட வேண்டும். என் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. 36.7, 36.8, 36.6. ஆகவே என் உடம்பில் வைரசு இல்லை. அது பச்சைத்தண்ணித் தடிமன்தான்.

அப்படியென்றால் யார்? அதே புத்தகம் சொல்கிறது, பள்ளிப் பிள்ளைகள்தான் இவற்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் என்று. உன் மூத்தவள் நிரஞ்சினி கிண்டர்கார்டனுக்குப் போகிறாள். ஐந்து வயதுப் பிள்ளையை ஒருவரும் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தவில்லை. விரதக்காரிதான் ஆப்பிட்டாள்.

நிரஞ்சினிக்கு எப்போது இருமல் தொடங்கியது? திகதி எழுது. எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

யோகாம்பாள்


ஊஸ்டர்
26.1.97

அக்கா,

ஏன் எழுதமாட்டேன்?

நிரஞ்சினிக்கு இருமல் தொடங்கியது 21ஆம் திகதி வியாழக்கிழமை. கிருபனுக்கு 22 வெள்ளிக்கிழமை. ஞாயிறு ஆஸ்பத்திரி. 17ஆம் திகதி நிரஞ்சினி உங்கள் மடியில் இருந்து உங்கள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். “பெரியம்மா குழைச்சுத் தந்தால்தான் ருசி” என்று இன்றைக்கும் சொல்கிறாள். பாவம் அவளை இதற்குள் இழுக்காதீர்கள்.

ஏப்ரலில் கிருபனுக்கு வாயில் முதல் சோறு தீத்த வேண்டும். மாமன் இங்கே இல்லாததால் முதல் பிடி உங்கள் கையால் என்று அவன் பிறந்த அன்றே நினைத்திருந்தேன். உங்களுக்கும் சொன்னேன். இப்போது இவர் வேண்டாம் என்கிறார். நானும் வேண்டாம் என்கிறேன். நீங்கள் வரவேண்டாம்.

மனோகரி


உ
ஓஸ்டர்முண்டிகன்
2.3.1997

மனோ,

ஐந்து கிழமையாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். முதல் மூன்றும் உன்னை ஏசி எழுதியவை. நல்ல ஏச்சு. கிழிக்க மனமில்லாமல்தான் கிழித்தேன்.

நீ திகதி எழுதமாட்டாய் என்ற தைரியத்தில் கேட்டேன். எழுதிவிட்டாய். புத்தகத்தில் ஆர்.எஸ்.வி. பக்கத்தை எடுத்தேன். உள்ளே போன வைரசு இருமலாக வெளியே தெரிய நாலு நாள் முதல் ஆறு நாள்வரை ஆகும் என்று போட்டிருக்கிறது. நிரஞ்சினி தம்பிக்குக் கொடுத்திருந்தால் அவனுக்கு 25க்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் வித்தியாசத்தில் இரண்டு பேருக்கும் வந்ததென்றால் இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வாங்கியிருக்கிறார்கள். 21இல் நாலைக் கழித்தேன். 22இல் ஐந்தைக் கழித்தேன். இரண்டு தரமும் 17 வந்தது.

அப்போதும் எனக்குக் கோபம்தான். என் 36.6 எங்கே போனது? அந்தக் கோபத்தில்தான் நான் வாசிக்காமல் தாண்டிப்போன பாடத்தை எடுத்தேன். தலைப்பு, உடம்பின் ஞாபகம். எனக்கு வேண்டிய அளவுக்குமட்டும் வாசித்துவிட்டு மூடியிருந்திருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே பத்திக்கொண்டு வருகிறது.

ஒரு வைரசோடு ஒருமுறை மல்லுக்கட்டிய உடம்பு அதை மறக்காது. செய்த பிறபொருளெதிரியில் கொஞ்சத்தை வைத்திருக்கும், செய்யத் தெரிந்த கலங்களில் சிலவற்றையும் வைத்திருக்கும். அதே ஆள் திரும்பி வந்தால் அடுப்பு மூட்டத் தேவையில்லை, மூக்கோடு மறித்துவிடும். ஆனால் இந்த ஆர்.எஸ்.வி.க்கு மூக்கில் இருக்கிற காவல் கன நாள் நிற்பதில்லை. அதனால் வயது போன பிறகும் திரும்பத் திரும்ப வரும். வந்தால் மூக்கால் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். காய்ச்சல் வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் வைரசு இருக்கும். மூச்சிலும் கையிலும் இருக்கும். நான் நல்லாயிருந்தது கிருமி இல்லாததால் இல்லை, என் உடம்பு பழகியதால்.

ஒரே வைரசு. எனக்கு மூக்கோடு போனது. முன்பு ஒன்றிரண்டு தரம் அதைக் கண்டிருக்கக்கூடிய நிரஞ்சினிக்கு ஒரு கிழமை இருமல். கிருபன் அதைக் கண்டதே இல்லை. அவனிடம் இருந்தது வயிற்றில் வைத்து நீ கொடுத்த பிறபொருளெதிரி கொஞ்சம், பாலோடு கொடுத்தது கொஞ்சம். அதுவும் இல்லாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. அவனுடைய நூல் மாதிரிக் குழாய்களுக்குள் அது இறங்கிவிட்டது. அவனைக் காப்பாற்ற ஓடிவந்த கலங்களும், செத்த கலங்களும், சளியும், வீக்கமுமாகச் சேர்ந்து காற்றுப் போகிற வழியை அடைத்தன. பாதி வைரசு செய்தது, பாதி அவனுடைய சொந்த உடம்பு செய்தது. காக்கவென்று வந்து வழியை அடைத்தவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு கொப்பியை எடுத்தேன். நவம்பர் 15 பக்கத்தை எத்தனை தரம் பார்த்தேன், அதற்கு முந்தின பக்கத்தைத் திருப்பவே இல்லை. நவம்பர் 9. என் சின்ன மகனுக்கு இருமல், 38.2, மல்லித் தண்ணி கொடுத்தது. ஒன்பதிலிருந்து பதினைந்து ஆறு நாள். என் கையெழுத்து. நான் பக்கத்தில் எழுதிய காரணம், பச்சைத்தண்ணி. பாவம் தண்ணி என்ன செய்தது?

மூக்கைத் துடைத்த கையால் அவன் நெற்றியில் பூசினேன். அந்த மூக்கோடும் வாயோடும் அவன் முகத்தில் மூன்று தரம் ஊதினேன். கொடுத்தது நான்தான். எழுதிவிட்டேன். கொப்பியிலும் நவம்பர் 17க்குக் கீழே எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்றுமட்டும் விடமாட்டேன். உன் மனிசன், வீபூதியைச் சொல்லிக் குற்றம் சாட்டிக் குப்பையில் எறிந்தாரே, அதற்கு என் கோபம் தீரவில்லை, தீராது. திருநீறு சுட்ட சாம்பல். அதில் ஒன்றும் இல்லை. பிழை என் மூச்சில். நான் செய்ததற்கு என்னை ஏசட்டும், வாசலில் மறிக்கட்டும், நாலு பேருக்கு முன்னால் சொல்லட்டும். சாமியை ஏசக் கூடாது. இதை அவருக்கு வாசித்துக் காட்டு.

சோறு தீத்தலுக்கு நான் வரவில்லை. நீ சொன்னது சரி.

அக்கா


உ
ஊஸ்டர்
16.3.97

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பந்திக்கு வந்ததும் இவர் எழும்பிப் போனார். கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். வேலைக்குப் போடுகிற ஜக்கெற்றைக் கொண்டுவந்து உள்பொக்கற்றைத் திறந்து காட்டினார். நீங்கள் தந்த பொட்டலம். எறியவில்லை. ஒன்பது நாளும் ஆஸ்பத்திரிக்கு அதைக் கொண்டு வந்திருக்கிறார், இப்போதும் ஹோட்டல் குசினிக்குக் கொண்டு போகிறார். “அண்டைக்கு வாய் தவறிப் போச்சு, அக்காட்டச் சொல்லு” என்றார். நீங்களே சொல்லுங்கோ என்றேன். “எனக்கு அவவோட கதைக்கப் பயம்” என்றார்.

இனி என் கணக்கு. நீங்கள் இரண்டு கடிதங்களில் மூன்று தரம் ஊதியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு தரம் அக்கா. நீங்கள் மூன்று தரம் ஊதிவிட்டுப் பிள்ளையைத் திருப்பித் தந்தீர்கள். “எனக்குத் தடிமன், வைச்சிரு” என்று சொன்னீர்கள். அவன் காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்தான். நான்தான், “அது ஒண்டும் செய்யாது, விரதக்காரி கையால இன்னொருக்காப் பூசி ஊதிவிடுங்கோ, கண்ணூறு பட்டிருக்காக்கும்” என்று திரும்ப மடியில் வைத்தேன். ஈர லேஞ்சியைப் பார்த்துக்கொண்டுதான் வைத்தேன்.

டொக்டர் கேட்டபோது இதை நான் சொல்லவில்லை. இவருக்கும் சொல்லவில்லை. உங்களை உள்ளே விட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தேன். அதனால்தான் எழும்பவில்லை. நீங்களோ கடிதத்தில்கூட எழுதவில்லை. உங்களுக்குக் கணக்குப் பிழைப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரைக்கு நல்ல நேரம். நீங்கள் வராமல் அவனுக்குச் சோறு இல்லை.

உங்கள் தங்கச்சி
மனோ

பெட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன்.


உ
ஓஸ்டர்முண்டிகன்
18.4.1997

அன்புள்ள மனோவுக்கு,

இது நாளைக்கே கிடைக்கும் விரைவுத் தபால். நான் ஞாயிறு வரமாட்டேன். ஏசாதே, கடைசிவரை வாசி.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து இருபதாம் திகதிக்காக இந்த வீட்டில் நான் நடத்திய ஆட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் கை கழுவாமல் சாப்பிட முடியாது. யாராவது செருமினால் நான் தெர்மோமீற்றரோடு நிற்பேன். எல்லாரும் நல்ல சுகம். புதுச் சாறி எடுத்து வைத்தாயிற்று. இன்றைக்குக் காலை ஆறரைக்குச் சாமி கும்பிடும்போது இரண்டு தும்மல். ஏழு மணிக்கு மூன்று. மூக்கால் தண்ணீர். 36.6!

என் மூக்கில் எனக்கு வருகிற ஆத்திரத்தை என்னவென்று எழுத? நவம்பரில் வேண்டாத நேரத்தில் வந்தது, இப்போதும் பார்த்துத்தான் வருகிறது.

இவர் சொல்கிறார், “இது பூக்காய்ச்சல். வெளியில மரமெல்லாம் பூத்துக் கிடக்குது. போன வருசமும் உனக்கு இதே மாதம் இப்பிடித்தானே?” கொப்பியைப் பார்த்தேன். உண்மைதான். போன வருடம் ஏப்ரல் 22, அதற்கு முந்திய வருடம் ஏப்ரல் 17. பூவாகத்தான் இருக்கும். பத்தில் ஒன்பது பங்கு பூதான்.

ஆனால் மனோ, நவம்பரிலும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பச்சைத்தண்ணி. எழுதியும் வைத்தேன். இந்த முறை பூ என்று எழுதிவிட்டு ரெயின் ஏற என்னால் முடியாது. கிருபனின் உடம்பு அந்த வைரசைக் கண்டுவிட்டது, இனி வந்தாலும் முன்புபோல் அடிக்காது என்று புத்தகம் தைரியம் சொல்கிறது. வந்தாலும் என்று சொல்கிறதே, அந்த ‘வந்தாலும்’ எனக்கு வேண்டாம்.

நல்ல நேரத்தை மாற்றாதே. எனக்காகச் சோற்றைத் தள்ளி வைத்தால்தான் நான் கோபிப்பேன். முதல் பிடி பாலேந்திரன் தீத்தட்டும். ஒன்பது நாள் பொக்கற்றுக்குள் திருநீறு கொண்டு திரிந்த கை, அது போதும். அந்தப் பொட்டலத்தையே எடுத்துப் பூசச் சொல்லு. நான் புதிதாக அனுப்பவில்லை. என் வீட்டிலிருந்து இப்போது ஒரு பொட்டலமும் வரக்கூடாது. இந்தக் கடிதத்தையும் வாசித்துவிட்டுக் கையைக் கழுவு.

பூசும்போது கண்ணுக்குள் கொட்டாமல் உன் கையைப் புருவத்துக்கு மேல் மறைப்பாகப் பிடி. ஒருவரும் ஊத வேண்டாம்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு தும்மலும் இல்லாமல், மே 4ஆம் திகதி வருகிறேன். பெட்டியை எடுத்து வை. அதற்குள் அவனுக்குச் சோறு பழகியிருக்கும். இரண்டாவது பிடியோ இருநூறாவது பிடியோ, குழைத்து வை, நான் தீத்துகிறேன்.

அக்கா